இத்தாலியின் மாஸ் டார்பிடோ படகு: 44 நாட் வேகம் எதற்கு, 4 நாட் ஊர்தல் எதற்கு?

பாம்பன் வடகடல் (கேள்வி)

1918 ஜூன் 10 விடிகாலையில் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையின் சென்ட் இஸ்த்வான் போர்க்கப்பலை டார்பிடோ (தண்ணீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கிற குண்டு) அடித்து மூழ்கடித்தது மாஸ் 15 என்ற இத்தாலியப் படகு. கப்பல் இருபதாயிரம் டன். படகோ சுமார் 16 மீட்டர் நீள மரப்படகு, நம்ம விசைப்படகு அளவுதான். கப்பல் கவிழ்கிற அசல் படச்சுருள் இன்றும் இருக்கிறது. இந்தப் படகுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க மூன்று இடத்தில் முடிச்சு அவிழவில்லை.

எங்கே பார்த்தாலும் மாஸ் என்றால் வேகம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாக்குதலின் விவரத்தையும் எடுத்தால், வேறொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விடுகிறது, அங்கிருந்து படகு மெல்ல ஊர்ந்து போகிறது. அப்படியானால் வேகம் எதற்கு?

டார்பிடோவைக் குழாயில் வைக்காமல் இரண்டு பக்கமும் வெளியே தொங்கவிட்டது ஏன்? அதை எப்படி விடுவார்கள்?

இரண்டாம் உலகப் போரில் 44 நாட் (மணிக்கு 44 கடல்மைல்) வேகத்தில் ஓடுகிற மாஸ் படகுகள் இருந்தும், 1942-இல் அதைவிட மெதுவான பெரிய படகுக்கு இத்தாலியர் மாறியது ஏன்?

பள்ளிக் கண்காட்சிக்கு மாஸ் 15 மாதிரி ஒன்று செய்து ஊருணியில் ஓட்டிக் காட்டுவதாக இருக்கிறோம். பக்கத்தில் இருந்து டார்பிடோ கழன்று விழ வேண்டும். அளவு என்ன வைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் கடலோடி

தம்பி, முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும்.

டார்பிடோ 40 நாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20.5 மீட்டர். 300 மீட்டரில் இருந்து விட்டால் 15 விநாடியில் சேரும், 2,000 மீட்டரில் இருந்து விட்டால் 97 விநாடி ஆகும். இருட்டில் எதிரிக் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்பதைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். ரேடார் கிடையாது. 14 நாட் போகிற கப்பலை 12 என்று எடுத்துவிட்டால் விநாடிக்கு ஒரு மீட்டர் பிசகு. கிட்டத்தில் இருந்து விட்டவனுக்கு மொத்தப் பிசகு 15 மீட்டர். சென்ட் இஸ்த்வான் 152 மீட்டர் நீளம், நடுவைக் குறிவைத்தால் 15 மீட்டர் தள்ளினாலும் அடிதான். தூரத்தில் இருந்து விட்டவனுக்கோ 97 மீட்டருக்கு மேல் பிசகு, டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போய்விடும். படகில் இருப்பதே இரண்டு டார்பிடோ. ஆகவே கிட்டே போயே ஆக வேண்டும்.

கிட்டே போக வேகம் உதவாது, கெடுக்கும். 25 நாட்டில் ஓடினால் அணியத்தில் (படகின் முன்முனையில்) எழும்புகிற நுரையும் பின்னால் நீள்கிற வெள்ளைத் தடமும் இரவிலும் தெரியும், பெட்ரோல் எஞ்சின் சத்தம் அதற்கு முன்பே கேட்டுவிடும். அதனால்தான் வெனிஸ் நகர ஸ்வான் தளத்தில் கட்டிய இந்தப் படகுகளில் பெரிய எஞ்சின்களோடு சின்ன மின்மோட்டாரும் வைத்தார்கள். அதில் 4 நாட் அளவில் சத்தமில்லாமல் ஊரலாம்.

1917 டிசம்பர் 9 இரவு ட்ரியெஸ்டே துறைமுகப் பக்கம் முஜ்ஜா விரிகுடாவில் நடந்ததுதான் இந்த முறைக்குச் சரியான உதாரணம். லூயிஜி ரிட்சோவின் மாஸ் 9, கூட மாஸ் 13, இரண்டையும் பெரிய டார்பிடோ கப்பல்கள் இழுத்து வந்து விட்டன. துறைமுக வாயிலைக் குறுக்கே அடைத்திருந்த எஃகு வடங்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த வேலைக்கே மணிக்கணக்கில் ஆயிற்று, மேலே காவல். நள்ளிரவு தாண்டி ரிட்சோ விட்ட இரண்டு டார்பிடோவும் வீன் என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பலில் பட்டன. சில நிமிடத்தில் மூழ்கியது. மாஸ் 13 புடாபெஸ்ட் கப்பலுக்கு விட்டது படவில்லை.

பிரேமுடாத் தீவுப் பக்கம் 1918-இல் நடந்தது எதிர்பாராத சந்திப்பு. இந்த முறை மாஸ் 15-இல் இருந்த ரிட்சோ ரோந்து முடிந்து திரும்பப் போகிற நேரம், தூரத்தில் அடர்ந்த கரும்புகை. சென்ட் இஸ்த்வானில் டர்பைன் பேரிங் சூடேறி வேகம் குறைந்திருந்தது. மறுபடி நீராவி ஏற்றியபோது நிலக்கரிப் புகை கிளம்பிவிட்டது. ரிட்சோ எஞ்சினைத் தணித்து, காவல் கப்பல்கள் இரண்டுக்கு நடுவே நுழைந்து, சில நூறு மீட்டரில் இரண்டையும் விட்டார். விடிகாலை மூன்றரை மணி வாக்கில் கொதிகலன் அறைப் பக்கம் அடி விழுந்தது, 6.12-க்குக் கவிழ்ந்தது, 89 பேர் இறந்தார்கள். கூட வந்த மாஸ் 21, டெகெட்ஹாஃப் கப்பலுக்கு விட்ட டார்பிடோக்கள் பலன் தரவில்லை.

வேகத்துக்கு வேலை இதற்கு அப்புறம்தான். காவல் கப்பலான டிபி 76 துரத்தியது. ரிட்சோ முழு வேகத்தில் ஓடியபடியே நீர்மூழ்கிகளுக்கு எதிரான ஆழ்குண்டைத் தன் தடத்தில் போட்டார். முதல் குண்டு வெடிக்கவில்லை, அடுத்தது துரத்தியவனின் அணியத்துக்கு முன்னால் வெடிக்க, அவன் திசை திரும்பினான். போவதற்கு ஊர்தல், வருவதற்கு வேகம். இழுத்துப் போனதற்கும் காரணம் இதுவே: திரும்பி ஓடவேண்டிய பெட்ரோலைப் போகும்போதே எரித்துவிட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது கேள்வி. குழாயில் இருந்து தள்ளுவதற்கு அழுத்தக்காற்றோ வெடிமருந்தோ வேண்டும். குழாய், அதன் தாங்கி எல்லாம் சேர்ந்தால் 16 டன் படகு தாங்காது. ஆரம்பப் படகுகளில் தண்டவாளம் போல அமைத்துப் பின்பக்கமாக இறக்கிப் பார்த்தார்கள், அது சரிப்படவில்லை. பிறகு வந்ததுதான் பக்கவாட்டுக் கவ்வி. இரண்டு இரும்புக் கை டார்பிடோவை விலாவோடு பிடித்திருக்கும், நெம்புகோலை இழுத்தால் இரண்டு கையும் விரிந்து டார்பிடோ தட்டையாகத் தண்ணீரில் விழும், விழும்போதே அதன் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். படகு நேராக, மிதமான வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். திரும்பிக்கொண்டே விட்டால் டார்பிடோ கோணலாக விழுந்து திசை கெடும். விழுந்த வேகத்தில் முதலில் ஆழம் போய்த்தான் மேலே ஏறி நிலைக்கும் என்பதால் காலடியில் தண்ணீரும் வேண்டும். பல இடங்களில் பத்து மீட்டர் கூட இல்லாத நம்ம பாக் விரிகுடா மாதிரிக் கடலில் இந்த வேலை நடக்காது.

கீழக்கரை மரக்கலம்

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஏன் மாறினார்கள் என்பது படகின் அடிப்பாகத்தில் இருக்கிறது.

முப்பதுகளில் வாரட்ஸே ஊரின் பாலியெட்டோ தளம் கட்டிய 500 வரிசை மாஸ் படகுகளின் அடி படிவைத்த அடி. அணியத்தில் இருந்து வருகிற அடிப்பலகை நடுவில் ஒரு படியாக வெட்டி மேலே ஏறும். வேகம் பிடித்ததும் அந்தப் படிக்குப் பின்னால் காற்று புகுந்துகொள்ளும், நனைகிற பரப்பு குறையும், படகு தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். 17 முதல் 19 மீட்டர் நீளம், 25 டன் சுற்றளவில் எடை, ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. 42, 44 நாட் வந்தது நிஜம்தான். ஆனால் அது தட்டையான கடலில்.

ஆடி மாதத்தில் ஒரே நாளில் நம்ம தென்கடலையும் (மன்னார் வளைகுடா) வடகடலையும் (பாக் விரிகுடா) பார்க்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இத்தாலியர் வடிவமைத்தது வடகடல் மாதிரி அமைதியான கடலுக்கு. சண்டை நடந்ததோ சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவே, தென்கடல் போல அலை எழும்புகிற இடத்தில். ஒரு மீட்டருக்கு மேல் அலை இருந்தால் தட்டையான அடி ஒவ்வொரு அலையிலும் அறைந்து விழும். முதலில் பலகை மூட்டு பிரிந்து கசியும், அடுத்து எஞ்சின் படுக்கை அசையும், அது அசைந்தால் எஞ்சினையும் விசிறியையும் இணைக்கிற தண்டு நேர்கோட்டில் இருந்து விலகும். தண்டு விலகினால் பேரிங் எரியும். அதைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்தால், எழும்பாத படகில் அந்தப் படியே பிரேக் மாதிரித் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். வேகமாகவும் போக முடியாது, மெதுவாகப் போனாலும் நஷ்டம்.

மாற்று வழி கையில் வந்து விழுந்தது. யூகோஸ்லாவியா 1930-களில் ஜெர்மனியின் லூர்சென் தளத்தில் எட்டுப் படகு வாங்கியிருந்தது. 1941 ஏப்ரலில் அந்த நாடு வீழ்ந்தபோது இரண்டு அலெக்சாண்ட்ரியாவுக்குத் தப்பின, ஆறு இத்தாலியிடம் சிக்கின. உருண்டை விலா, படி இல்லாத அடி, 28 மீட்டர் நீளம். அதைப் பார்த்தே மோன்பால்கோனே தளத்தில் 63 டன் எம்.எஸ். படகுகளைக் கட்டினார்கள். எஞ்சின் மூன்று, வேகம் 34 நாட் அளவில். 450 மில்லிமீட்டர் டார்பிடோவுக்குப் பதில் 533 மில்லிமீட்டர், அதுவும் குழாயில். காகிதத்தில் பத்து நாட் குறைவு. ஆனால் அலையில் 44 நாட் படகு 20-க்கு இறங்கும்போது இது அவ்வளவாக இறங்காது.

பலன் உடனே தெரிந்தது. 1942 ஆகஸ்ட் 13 அதிகாலை, மால்டாவுக்குப் போன பிரிட்டிஷ் கப்பல் அணியைத் துனீசியாவின் கெலிபியா முனையருகே எம்.எஸ். 16, எம்.எஸ். 22 இரண்டும் பதுங்கியிருந்து தாக்கின. மான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் குரூசர் (நடுத்தரப் போர்க்கப்பல்) ஒரே டார்பிடோவில் எஞ்சின் சக்தியை இழந்தது, அதன் மாலுமிகளே பிறகு மூழ்கடித்தார்கள். அந்தப் போரில் டார்பிடோ படகுகள் வீழ்த்திய மிகப் பெரிய போர்க்கப்பல் அதுதான். அதே இரவில் நான்கு சரக்குக் கப்பல்களும் இத்தாலிய, ஜெர்மன் படகுகளிடம் போயின. அணியில் இருந்த 14 சரக்குக் கப்பலில் ஐந்துதான் மால்டா சேர்ந்தன.

தொண்டி டீசல்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) அடிப்பாகத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். எஞ்சினை விட்டுவிட்டார், பாதிக் கதை அதில் இருக்கிறது.

மாஸ் படகின் இசோட்டா பிராஸ்கினி எஞ்சின் விமான எஞ்சினில் இருந்து வந்தது. மூன்று வரிசையில் 18 சிலிண்டர், 57 லிட்டர், பெட்ரோல். உலகத்தில் அந்த நேரம் அந்த எடைக்கு அதைவிட நல்ல கடல் எஞ்சின் கிடைக்கவில்லை. பிரிட்டனின் வோஸ்பர் தளமே தன் எம்.டி.பி. 102 என்ற டார்பிடோ படகில் இந்த எஞ்சின் மூன்றைத்தான் வைத்தது. 1940 ஜூனில் இத்தாலி எதிர்ப்பக்கம் போரில் இறங்கியதும் எஞ்சின் வரத்து நின்றது. பிரிட்டிஷ் படகுகள் அமெரிக்க ஹால்-ஸ்காட் எஞ்சினை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட வேண்டியதாயிற்று, பேக்கார்ட் எஞ்சின் வந்த பிறகுதான் வேகம் திரும்பியது.

செலவைப் பாருங்கள். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் கிலோ பெட்ரோல் என்பது அந்தக் கால எஞ்சினுக்குப் பொதுக்கணக்கு. இரண்டாயிரம் குதிரைத்திறனுக்கு மணிக்கு 500 கிலோ, அதாவது 675 லிட்டர் சுமார். 25 டன் படகில் எத்தனை மணிநேரத்துக்கு ஏற்ற முடியும்? அதனால்தான் பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு ஊர்ந்து போவதற்குத் தனிச் சின்ன எஞ்சின் வைத்தார்கள்.

இன்னொன்று தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் ஆவி மேலே போகாது, அடியில் கசிவுத் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் இறங்கித் தேங்கும். காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் ஒரு பொறி போதும். சண்டையில் ஒரு குண்டு பட்டாலும் அதே கதி. ஜெர்மானியர் தங்கள் பெரிய டார்பிடோ படகுகளில் டீசலுக்குப் போனது இதனால்தான். இத்தாலியர் எம்.எஸ். படகிலும் பெட்ரோலையே தொடர்ந்தார்கள். அடியை ஜெர்மானியரிடம் எடுத்தவர்கள் எஞ்சினை எடுக்கவில்லை, என் கணிப்பில் அதுதான் பெரிய குறை.

சிறுமைக்கு ஒரு லாபமும் உண்டு. 25 டன் படகை லாரியில் ஏற்றலாம். 1942-இல் நான்கு மாஸ் படகுகளை ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாய் வழியாகச் சாலையில் கொண்டுபோய், கப்பலில் ஏற்றிப் பின்லாந்து சேர்த்து, லடோகா ஏரியில் இறக்கினார்கள். கருங்கடலுக்கு வியன்னா வரை சாலையில், அங்கிருந்து டான்யூப் ஆற்றில். எம்.எஸ். படகை அப்படிக் கொண்டுபோக முடியாது. கருங்கடலில் மாஸ் 568, மோலொடோவ் என்ற சோவியத் குரூசரின் பின்பகுதியை 20 மீட்டருக்கு அறுத்துத் தள்ளியது.

தேவிபட்டினம் கடலோடி

தொண்டிக்காரரே, மோலொடோவ் விஷயத்தை அப்படி முடித்துச் சொல்லக்கூடாது. 1942 ஆகஸ்ட் 2, 3 இரவில் பியோடோசியா பக்கம் அந்தக் கப்பலை ஜெர்மன் டார்பிடோ விமானங்களும் தாக்கின. இத்தாலியர் மாஸ் 568 கணக்கில் எழுதுகிறார்கள், ஜெர்மானியர் விமானக் கணக்கில் எழுதுகிறார்கள். பின்பகுதி போனது உறுதி. கட்டி முடியாமல் கிடந்த புரூன்சே குரூசரின் பின்பகுதியை வெட்டி எடுத்து ஒட்டித்தான் அதை மறுபடி ஓடவைத்தார்கள். யார் அடித்தது என்பதை இரு தரப்பு என்றே பதிவு செய்வோம்.

பாம்பன் வடகடல்

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. துணைக்கேள்வி ஒன்று: நம்ம பக்கம், செங்கடல், அரபிக்கடல் வரை இந்தப் படகுகள் வந்ததா? வெப்பக்கடலில் மரப்படகு எப்படித் தாங்கியது?

தேவிபட்டினம் கடலோடி

செங்கடலில் இருந்தன. எரித்திரியாவின் மஸ்ஸாவா துறைமுகத்தில் முதல் உலகப் போர்க் காலத்து ஸ்வான் படகுகள் ஐந்து: 204, 206, 210, 213, 216. இருபது வருடத்துக்கு மேல் பழையவை. சூடான உப்புக்கடலில் மரம் துளைக்கும் புழுவும் அடியில் ஒட்டுகிற சிப்பியும் பாசியும் எவ்வளவு சீக்கிரம் சேரும் என்பது உங்களுக்கே தெரியும். மரம் தண்ணீர் குடித்துக் கனம் ஏறினாலே வேகப்படகு செத்தது போலத்தான். எஞ்சினும் தேய்ந்துபோய் 15 நாட் கூட எட்டாத நிலை.

அப்படிப்பட்ட மாஸ் 213தான் 1941 ஏப்ரலில், மஸ்ஸாவா வீழ்ந்த அதே வாரத்தில், கேப்டவுன் என்ற பிரிட்டிஷ் குரூசரை டார்பிடோவால் அடித்தது. கப்பல் மூழ்கவில்லை. பாராமட்டா என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதைப் போர்ட் சூடானுக்கு இழுத்துப் போனது, அங்கிருந்து பம்பாய் வந்து நெடுநாள் பழுதுபார்க்கப்பட்டது. எரித்திரியாவில் தரையில் சண்டையிட்டது நம்ம 4-ஆவது, 5-ஆவது இந்திய டிவிஷன்கள் என்பதையும் கண்காட்சிப் பலகையில் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு ஒட்டுதல் வரும். உங்கள் முதல் கேள்விக்கும் இந்த ஒரு படகே சாட்சி: வேகம் முற்றாகப் போன பிறகும், இருட்டும் கிட்டத்தூரமும் இருந்தால் குரூசரை அடிக்க முடிந்தது.

கீழக்கரை மரக்கலம்

மாதிரிக்கு 18-இல் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. காரணம் டார்பிடோ. 450 மில்லிமீட்டரை 18-ஆல் வகுத்தால் சரியாக 25. கரண்டு வேலைக்கு விற்கிற 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் அப்படியே பொருந்தும், கடைசல் வேலை மிச்சம். 16 மீட்டர் படகு 89 சென்டிமீட்டர் வரும், அகலம் 2.6 மீட்டருக்குப் பதினாலரை சென்டிமீட்டர்.

எடைதான் முக்கியம். எடை குறைவது நீளம் போல 18 பங்கு இல்லை, 18-ஐ மூன்று முறை பெருக்கிய 5,832 பங்கு. 16 டன் படகு உங்கள் கையில் 2.7 கிலோ. மோட்டார், பேட்டரி, சர்வோ (கட்டளைக்கு ஏற்பக் கையைத் திருப்புகிற சின்ன மோட்டார்), இரண்டு டார்பிடோ எல்லாம் இதற்குள். படகின் வெளிக்கூடு ஒரு கிலோவைத் தாண்டவிடாதீர்கள்.

3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஏரா (படகின் அடித்தண்டு), அதன் மேல் 8 சென்டிமீட்டருக்கு ஒரு வங்கு (விலாச்சட்டம்), மேலே மெல்லிய மரப்பட்டி ஒட்டித் தேய்த்து, வெளியே 300 கிராம் ஃபைபர் மேட் ஒரே ஒரு அடுக்கு. பைபர் படகு வேலை நடக்கிற எந்தத் தளத்திலும் துண்டு மேட்டும் ரெசினும் கிடைக்கும். ஹார்டனர் நூற்றுக்கு ஒன்றரை பங்கு போதும். நம்ம வெயிலுக்குக் கூடக் கலந்தால் தடவி முடிப்பதற்குள் கட்டிவிடும், சூட்டில் விரிசலும் விடும். வேலை சுலபம் என்று தெர்மகோலில் அச்சு செதுக்கி மேலே பாலியெஸ்டர் ரெசின் தடவாதீர்கள், ரெசின் அதைக் கரைத்துவிடும். மாஸ் 15-க்கு இரண்டாம் போர்ப் படகின் படிவைத்த அடியைப் போடக் கூடாது. அசல் படகு ரோம் நகர விட்டோரியானோ நினைவுச்சின்னத்தில் காட்சிக்கு இருக்கிறது, படங்களைப் பார்த்து விலாக்கோடு எடுங்கள்.

டார்பிடோ 29 சென்டிமீட்டர். அந்தப் பைப்புக்குள் முன்னும் பின்னும் மரக்கூம்பு அடைத்து, மொத்தம் 110 கிராமுக்கு நிறுத்துங்கள். 120 கிராமைத் தாண்டினால் ஊருணி அடியில் தேட வேண்டி வரும்.

கவ்விக்குப் பித்தளைக் கம்பியில் முன்கை ஒன்று, பின்கை ஒன்று, இரண்டும் ஒரே தண்டில் பற்றவைத்து ஒரே சர்வோவால் திருப்ப வேண்டும். தனித்தனி சர்வோ வைத்தால் ஒன்று அரை விநாடி முந்தும். முன்கை முந்தினால் மூக்கு குத்தி டார்பிடோ தொங்கும், பின்கை முந்தினால் வால் விலாவில் இடிக்கும். ஓட்டும் வேகம் அசல் வேகத்தை 4.24-ஆல் வகுத்தது: ஊர்தலுக்கு விநாடிக்கு அரை மீட்டர், ஓட்டத்துக்கு 3 மீட்டர். டார்பிடோவை அரை மீட்டர் வேகத்தில் விடுங்கள்.

ஒரு பக்கம் விட்டதும் படகு மறுபக்கம் பத்து டிகிரி அளவுக்குச் சாயும். அதனால் பேட்டரி ஏராவின் மேல் ஒட்டிக் கிடக்கட்டும், மேல்தட்டு நீர்புகாமல் அடைத்திருக்கட்டும். வலப்பக்கக் கவ்வி ஒரு சேனல், இடப்பக்கக் கவ்வி வேறு சேனல் என்று ரிசீவரில் பிரித்துக் கொடுத்தால், ஒன்றை விட்ட இரண்டொரு விநாடியில் மற்றதையும் விட்டு நிமிர்த்திவிடலாம்.